400 ரூபாய்க்கு ஒரு ஜெராக்ஸ் தாள்: டயட்டீஷியன் என்பவர் என்னதான் செய்கிறார்?

தறிவீட்டுப் பையன் | அம்மாபேட்டை | திங்கள், இரவு 9.40

அப்பாவுக்கு வயது 68. சர்க்கரை வந்து 15 ஆண்டுகள் ஆகின்றன. சென்ற மாதம் கால் வீக்கம் என்று அழைத்துப் போனால், சிறுநீரகம் பழுதானால் இரத்தத்தில் ஏறும் கிரியேட்டினின் 2.8, பொட்டாசியம் 5.9. இரண்டுமே அதிகம். சிறுநீரக மருத்துவர் பொறுமையாகத்தான் பேசினார். மாத்திரை எழுதிக் கொடுத்து, "உப்பைக் குறையுங்கள், கீழே டயட்டீஷியனைப் பார்த்துவிட்டுப் போங்கள்" என்றார்.

கீழே 400 ரூபாய் கட்டினோம். கவுண்டரில் இருந்த பெண் ஒரு ஜெராக்ஸ் தாளை நீட்டினார். முடிந்தது. நாற்காலியில் உட்காரக்கூட இல்லை.

தாளில் காலையில் ஓட்ஸ், 11 மணிக்குப் பாதி ஆப்பிள், மதியம் வேகவைத்த புரோக்கோலி, இரவு ஆலிவ் எண்ணெயில் ஏதோ ஒன்று. எங்கள் தெருவில் புரோக்கோலியை நேரில் பார்த்தவர் இருக்கிறாரா என்றே சந்தேகம். அப்பா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில் களி எந்தப் பக்கம் இருக்கிறது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பயத்தில் பருப்பு, முட்டை, பால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். 62 கிலோ இருந்தவர் இப்போது 58.

இரண்டு கேள்விகள். அந்தத் தாள் செய்யாத எதை ஒரு டயட்டீஷியன் செய்கிறார்? என் அக்கா மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு இதைத்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். ஜெராக்ஸ் கொடுப்பதற்கு எதற்கு மூன்று வருடப் படிப்பு?

---

குகைத் தெருக்காரன் | திங்கள், இரவு 10.05

எங்கள் பாட்டி 91 வயது வரை களியும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டார். அவருக்கு எந்த டயட்டீஷியன் சீட்டு எழுதிக் கொடுத்தார்? எல்லாம் கார்ப்பரேட் வித்தை. அப்பாவுக்கு தினமும் இளநீர் கொடுங்கள், உப்புக்குப் பதில் இந்துப்பு போடுங்கள். சிறுநீரகம் தானாகச் சரியாகும்.

---

தட்டும் தராசும் | திங்கள், இரவு 10.22

குகைத் தெரு அண்ணா, உங்கள் பாட்டிக்கு என் வணக்கம். ஆனால் இந்தப் பதிவை யாரும் பின்பற்ற வேண்டாம். பொட்டாசியம் 5.9 இருப்பவருக்கு இளநீர் ஆபத்து. உடம்புக்குக் குளிர்ச்சி என்று நாம் கொடுக்கும் அந்த ஒரு காயில் இருக்கும் பொட்டாசியத்தை, பழுதான சிறுநீரகம் வெளியே தள்ள முடியாது. அது இரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பையே குலைக்கும். இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான், நிறம்தான் வேறு.

நான் சேலத்தில் ஒரு மருத்துவமனையில் 11 ஆண்டுகளாக டயட்டீஷியன். தறிவீட்டுத் தம்பி, உங்களுக்குப் பதில் சொல்லும் முன் சில கேள்விகள்:

அப்பா இளநீர் குடிப்பாரா, வாரத்துக்கு எத்தனை? இன்னும் தறியில் உட்காருகிறாரா? காய் வேகவைத்த தண்ணீரை வீட்டில் என்ன செய்வீர்கள்? "உப்பைக் குறையுங்கள்" என்று மருத்துவர் சொன்ன பிறகு எந்த உப்பு வாங்கினீர்கள்? அந்தப் பாக்கெட்டின் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது?

---

தறிவீட்டுப் பையன் | திங்கள், இரவு 10.51

அக்கா, கை நடுங்குகிறது. "சோடியம் குறைந்த உப்பு" என்று போட்டிருந்ததால் விலை அதிகமானாலும் பரவாயில்லை என்று தேடிப்பிடித்து வாங்கினேன். பின்பக்கம் பொடி எழுத்தில் "பொட்டாசியம் குளோரைடு" என்று இருக்கிறது.

இளநீர் தினமும் ஒன்று. தறிச் சூட்டுக்கு நல்லது என்று நாற்பது வருடப் பழக்கம். காய் வெந்த தண்ணீரை ரசத்துக்கு ஊற்றுவோம். கீழே கொட்டினால் அம்மா சண்டைக்கு வருவார்.

---

தட்டும் தராசும் | திங்கள், இரவு 10.58

அந்த உப்பை இப்போதே எடுத்து வைத்துவிடுங்கள். இளநீரும் வேண்டாம். நாளை காலை முதல் வேலையாக மருத்துவரிடம் இந்த இரண்டையும் சொல்லி, பொட்டாசியத்தை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். இரவில் நெஞ்சு படபடப்பு, கை கால் தளர்ச்சி என்றால் விடியும் வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மாத்திரை எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சோடியம் குறைந்த உப்பு கெட்ட பொருள் அல்ல. இரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று உலக சுகாதார நிறுவனமே 2025-இல் பரிந்துரைத்தது. ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது. அதில் சோடியத்தைக் குறைத்த இடத்தில் நிரப்பியிருப்பது பொட்டாசியம். ஒருவருக்கு மருந்தாவது இன்னொருவருக்கு வினையாவது இப்படித்தான்.

தாள் செய்யாததை டயட்டீஷியன் என்ன செய்கிறார் என்று கேட்டீர்களே, தம்பி. தாளுக்குக் கேள்வி கேட்கத் தெரியாது.

---

வார்டு மணி | சூரமங்கலம் | செவ்வாய், காலை 6.30

ஓய்வுபெற்ற செவிலியர் நான். அந்தக் காலத்தில் டயட்டீஷியன் என்றால் சமையலறை மேற்பார்வையாளர் என்றுதான் நாங்களும் நினைத்தோம். எத்தனை பேருக்குச் சாப்பாடு, எத்தனை லிட்டர் பால், எந்தத் தட்டுக்கு உப்பில்லாதது, அவ்வளவுதான் அவர் வேலை என்று.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாறிய பிறகுதான் கண் திறந்தது. பல நாள் பட்டினியாகக் கிடந்த ஒரு குடிநோயாளி. மூக்குக் குழாய் போட்டவுடன், "பாவம், பசித்த வயிறு, நிறையக் கொடுங்கள்" என்றது எங்கள் மனது. டயட்டீஷியன் பெண் வந்து தடுத்தார். சின்னப் பெண்தான். முதல் நாள் இவ்வளவுதான், பாஸ்பரஸ் அளவு பார்க்காமல் கூட்டக்கூடாது என்று மருத்துவரிடமே வாதிட்டார். வற்றிக் கிடந்த உடம்புக்குத் திடீரென்று ஊட்டினால் இரத்தத்தில் பாஸ்பரஸ் சரிந்து உயிரே போகலாம் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அந்த நோயாளி நடந்து வீட்டுக்குப் போனார்.

---

குகைத் தெருக்காரன் | செவ்வாய், காலை 8.15

இளநீர் விஷயத்தில் நான் சொன்னது தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் களி? ராகி சர்க்கரைக்கு மருந்து என்று ஊரே சொல்கிறதே.

---

தட்டும் தராசும் | செவ்வாய், மதியம் 1.40

மதிய உணவு இடைவேளையில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராகி நல்ல தானியம். 100 கிராமில் 350 மில்லிகிராமை ஒட்டிச் சுண்ணாம்புச் சத்து. வேறு எந்தத் தானியமும் பக்கத்தில் வராது. ஆனால் அதிலும் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக மாவுச்சத்துதான். நைசாக அரைத்த மாவில் இரண்டு உருண்டை களி கிண்டிச் சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். "மருந்து" என்ற சொல்லை நம்பி மூன்றாவது உருண்டையும் போட்டுக்கொள்பவர்களை வாரம்தோறும் பார்க்கிறேன்.

சிறுநீரக நோயாளிக்கு இன்னொரு சிக்கல். தீட்டிய அரிசியைவிட ராகியில் பொட்டாசியம் மூன்று நான்கு மடங்கு அதிகம், பாஸ்பரஸும் அதிகம். சர்க்கரைக்கு முழுத் தானியம் நல்லது என்போம், சிறுநீரகத்துக்கு வெள்ளரிசி மேல் என்போம். இரண்டு நோயும் ஒரே உடம்பில் இருந்தால்? அங்கேதான் என் படிப்புக்கு வேலை. களியே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். வாரத்தில் எத்தனை நாள், எவ்வளவு பெரிய உருண்டை, தொட்டுக்கொள்ள என்ன, அன்று வேறு எதைக் குறைப்பது என்று கணக்குப் போடுவேன்.

நம் ஊர் ஜவ்வரிசியையே பாருங்கள். ஏறக்குறைய வெறும் ஸ்டார்ச். புரதம் இல்லை என்றே சொல்லலாம். சர்க்கரை நோயாளியிடம் தள்ளி வையுங்கள் என்போம். ஆனால் புரதத்தைக் குறைக்க வேண்டிய, சர்க்கரை இல்லாத சிறுநீரக நோயாளிக்கு உடல் இளைக்காமல் கலோரி சேர்க்க அதே ஜவ்வரிசியைத்தான் நான் எழுதிக் கொடுப்பேன். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மளிகைக்கடை அண்ணாச்சி, "அவருக்குக் கொடு என்கிறீர்கள், இவருக்குக் கூடாது என்கிறீர்கள், ஒரு முடிவுக்கு வாருங்கள்" என்று சத்தம் போட்டார்.

பருப்பை முழுவதும் நிறுத்தியதும் தவறு. டயாலிசிஸ் இல்லாத நிலையில் பொதுவாகக் கிலோவுக்கு 0.6 முதல் 0.8 கிராம் வரை புரதம் தேவை. 58 கிலோவுக்கு 35 முதல் 46 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம் சொச்சம், ஒரு டம்ளர் பாலிலும் ஏறக்குறைய அவ்வளவு. எனவே குறைப்பது வேறு, ஒழிப்பது வேறு. நாளை டயாலிசிஸ் தொடங்கினால் இந்தக் கணக்கே தலைகீழாகிப் புரதத்தைக் கூட்டச் சொல்வோம். 4 கிலோ இறங்கியதில் வீக்கத் தண்ணீர் எவ்வளவு, சதை எவ்வளவு என்பதை நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

---

நாகலூர் மிளகு | ஏற்காடு | செவ்வாய், மாலை 4.20

மேலே இருந்து ஒரு குரல். நீங்கள் எல்லோரும் ஐந்து ரோட்டில் இருந்து ஆட்டோ பிடித்தால் டயட்டீஷியனைப் பார்க்கலாம். நாங்கள் 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். பஸ் செலவைவிட அரை நாள் கூலி போவதுதான் பெரிய செலவு.

எங்கள் எஸ்டேட்டில் மிளகு பறிக்கும், காப்பிக்கொட்டை பொறுக்கும் பெண்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். மாதக்கணக்கில் விழுங்குகிறார்கள், இரத்தம் ஏறவில்லை. சோம்பேறிகள், மாத்திரையை வீசிவிடுகிறார்கள் என்று ஒரு பேச்சு. ஒரு முகாமுக்கு வந்த டயட்டீஷியன் அம்மா வரிசையாக எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்டார்: "மாத்திரையை எதோடு விழுங்குகிறீர்கள்?" எல்லோரும் ஒரே பதில் சொன்னார்கள்: கடுங்காப்பி. காலைக் குளிருக்குச் சூடாக ஒரு டம்ளர், அதோடு மாத்திரை, பிறகு வேலை.

காப்பி இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது என்று அவர் சொன்னபோது காப்பி மலையில் ஒரே சிரிப்பு. காப்பியை விடச் சொல்லவில்லை அவர். மாத்திரைக்கும் காப்பிக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது இருக்கட்டும். மாத்திரையோடு வீட்டுப் பின்னால் காய்க்கிற கொய்யாவோ ஆரஞ்சோ இருக்கட்டும் என்றார். செலவு ஒரு பைசா இல்லை.

என் வருத்தம் இதுதான். அந்த அம்மா அப்புறம் வரவில்லை. கிராமச் சுகாதாரச் செவிலியர் ஒருவரே தடுப்பூசி, பிரசவம், சர்க்கரை, அழுத்தம் எல்லாவற்றையும் பார்க்கிறார். சாமையும் தினையும் விளைந்த மலையில் இப்போது ரேஷன் அரிசிதான் மூன்று வேளையும். இங்கே ஒருவர் தேவையா, கீழே ஏசி அறையில் பத்துப் பேர் தேவையா?

---

தட்டும் தராசும் | செவ்வாய், மாலை 6.05

மிளகு அண்ணா, இந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. படிப்பில் சமுதாய ஊட்டச்சத்து என்று ஒரு பாடமே உண்டு, கிராமத்துக்கு அனுப்புவார்கள். முடித்தவுடன் வேலை இருப்பதோ நகரத்து மருத்துவமனையில், இல்லையென்றால் உடல் இளைக்க வைக்கும் கடைகளில்.

---

ஓமலூர் மாணவி | செவ்வாய், இரவு 7.30

அக்கா, நான் தறிவீட்டு மாமாவின் அக்கா மகள்தான்! இந்த இழையை அவர்தான் அனுப்பினார். மூன்று மாத ஆன்லைன் சான்றிதழ் படிப்பு ஒன்று 15,000 ரூபாய் என்று விளம்பரம் வருகிறது. தொலைதூரக் கல்வியில் பட்டம் என்றும் ஒருவர் சொன்னார். எதில் சேரலாம்?

---

தட்டும் தராசும் | செவ்வாய், இரவு 9.10

இரண்டிலும் சேராதே கண்ணு.

தொலைதூரப் படிப்புக் கதவு மூடியாகிவிட்டது. 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்தில் இருந்து உணவு மற்றும் ஊட்டச்சத்து அறிவியல், மருத்துவ ஊட்டச்சத்து மற்றும் உணவியல் போன்றவற்றைத் தொலைதூர முறையிலோ ஆன்லைனிலோ நடத்தக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு தடுத்துவிட்டது. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். நோயாளியின் கட்டிலருகே நிற்காமல் இதைக் கற்க முடியாது.

ஒழுங்கான வழி இது. மூன்று வருட இளநிலை, பிறகு இரண்டு வருட முதுநிலை. முதுநிலை முடியாவிட்டால் உணவியலில் முதுநிலைப் பட்டயம். நம் பெரியார் பல்கலைக்கழக வட்டாரத்திலேயே படிக்கலாம்; கோவையில் அவினாசிலிங்கம் இந்தத் துறைக்குப் பழைய பெயர். முதல் வருடம் பயந்துவிடாதே. சமையல் குறிப்பு இருக்கும் என்று வந்தவர்களுக்கு உடலியங்கியலும் உயிர்வேதியியலும் காத்திருக்கும். உணவு நுண்ணுயிரியல், நோய்க்கான உணவுச் சிகிச்சை, நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சமைக்கும் கூடத்தை நடத்துவது, புள்ளியியல், ஆலோசனை சொல்லும் முறை எல்லாம் உண்டு.

அதன் பிறகு மருத்துவமனையில் பயிற்சி. பொதுவாக ஆறு மாதம். அங்கேதான் நான் டயட்டீஷியன் ஆனேன். முதல் வாரம் ஒரு பெரியவரிடம் "கார்போஹைட்ரேட்டைக் குறையுங்கள் ஐயா" என்றேன். "அது எந்தக் கடையில் கிடைக்கிறது?" என்றார். கிண்டல் என்று நினைத்தேன். அவர் நிஜமாகவே கேட்டார். அன்றிலிருந்து சோறு, களி, இட்லி என்றுதான் பேசுகிறேன். கிராம் என்று சொல்வதில்லை, கரண்டி என்கிறேன். அந்தக் கரண்டியையும் அடுத்த முறை கொண்டு வரச் சொல்லி அளந்து பார்க்கிறேன். வீட்டுக்கு வீடு கரண்டி வேறு.

பயிற்சிக்குப் பிறகு இந்திய உணவியல் சங்கம் நடத்தும் தேர்வு எழுதினால் பதிவுபெற்ற டயட்டீஷியன். ஊட்டச்சத்து ஆலோசகர் என்று பலகை மாட்ட இத்தனை காலம் யாரும் எதையும் கேட்கவில்லை. பிரிட்டனில் டயட்டீஷியன் என்ற பெயரையே பதிவில்லாமல் போட்டுக்கொள்ள முடியாது. இங்கே 2021-இல்தான் மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்து எங்களையும் அதில் சேர்த்தார்கள்.

சம்பளத்தையும் மறைக்கமாட்டேன். என் முதல் சம்பளம் 9,000. கூட இருந்த இருவர் வங்கித் தேர்வு எழுதிப் போய்விட்டார்கள்.

---

செவ்வாய்ப்பேட்டை வாத்தியார் | புதன், காலை 7.00

ஓமலூர்ப் பேத்திக்கு ஒரு செய்தி. அந்த இந்திய உணவியல் சங்கம் தொடங்கிய ஆண்டு 1963. அதன் முதல் தலைவர் யார் தெரியுமா? டாக்டர் சி. கோபாலன். 1918-இல் நம் சேலத்தில் பிறந்தவர். குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, அது 1958-இல் ஐதராபாத்துக்கு இடம் மாறிய பின் அதன் இயக்குநரானார். இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான். பின்னாளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநர். 2019-இல் நூறு வயதைத் தாண்டித்தான் மறைந்தார்.

உலகமே "ஏழைக் குழந்தைக்குப் புரதம் போதவில்லை, புரத மாவு கொடு" என்று கத்திய காலத்தில், நம் குழந்தைக்கு வீட்டுச் சோறும் பருப்புமே வயிறு நிறையக் கிடைத்தால் புரதமும் சேர்ந்து கிடைத்துவிடும், பற்றாக்குறை முதலில் சாப்பாட்டிலேயே இருக்கிறது என்று எடுத்துக் காட்டியவர்களில் முதன்மையானவர். தட்டுவடைக்கும் மாம்பழத்துக்கும் மார்தட்டுகிற ஊர் இவரை எங்கே நினைக்கிறது? எனக்குத் தெரிந்து இங்கே ஒரு தெருவுக்குக்கூட அவர் பெயர் இல்லை. இருந்தால் யாராவது என்னைத் திருத்துங்கள்.

---

குகைத் தெருக்காரன் | புதன், காலை 7.45

வாத்தியார் ஐயா, புரத மாவு என்றதும் நினைவு வந்தது. என் தங்கை போன இடத்தில் "டயட்டீஷியன்" ஒருவர் 3,200 ரூபாய்க்கு ஒரு டப்பாவைக் கையில் திணித்தார். சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு அதைக் குடிக்கச் சொன்னாராம். இவர்களை என்ன சொல்கிறீர்கள்?

---

தட்டும் தராசும் | புதன், மதியம் 1.20

ஓடிவிடுங்கள் என்கிறேன். மாத்திரையில் கை வைப்பது மருத்துவர் வேலை. சாப்பாட்டை மாற்றியதால் சர்க்கரை இறங்கினால், "மாத்திரை அளவைப் பாருங்கள்" என்று நான் மருத்துவருக்கு எழுதுவேனே தவிர, நோயாளியிடம் நிறுத்து என்று சொல்லமாட்டேன். தான் எழுதிக் கொடுக்கும் டப்பாவைத் தானே விற்பவரிடம் பட்டத்தையும் பதிவு எண்ணையும் கேளுங்கள். உண்மையானவர் கோபப்படமாட்டார். தறிவீட்டுத் தம்பியும் அந்தக் கவுண்டர் பெண்ணிடம் கேட்டிருக்கலாம்.

---

தறிவீட்டுப் பையன் | அடுத்த வாரம் வியாழன், இரவு 8.30

எல்லோருக்கும் நன்றி. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலையிலேயே மருத்துவரைப் பார்த்தோம். உப்புப் பாக்கெட்டைக் கையோடு கொண்டு போனேன். பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். இரத்த அழுத்த மாத்திரை ஒன்றும் பொட்டாசியத்தை ஏற்றும் என்று சொல்லி அதையும் மாற்றினார். நேற்றுப் பார்த்ததில் 5.1. உப்பால் எவ்வளவு, இளநீரால் எவ்வளவு, மாத்திரையால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார்.

கவுண்டரில் அக்கா சொன்னபடி கேட்டேன். அந்தப் பெண் டயட்டீஷியனே இல்லை! பில் போடுபவர். டயட்டீஷியன் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவாராம். மற்ற நாள்களில் வருபவர்களுக்குத் தாள். யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. 400 ரூபாயை அடுத்த சந்திப்புக்குக் கழித்துக்கொண்டார்கள்.

உண்மையான டயட்டீஷியன் ஒரு இளம்பெண். முக்கால் மணி நேரம் பேசினார், அதில் பாதி அம்மாவிடம். காயைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும் என்றதும் அம்மா முகம் சுருங்கியது. "சத்தெல்லாம் சாக்கடைக்குப் போகுமே" என்றார். "அம்மா, இந்த வீட்டில் ஒருவருக்கு மட்டும் அந்தச் சத்துதான் வேண்டாதது. அவருக்குத் தனி ரசம் வையுங்கள், உங்கள் ரசத்தில் நான் கை வைக்கவில்லை" என்று சிரித்தார். அம்மா அதன் பிறகு வாதாடவில்லை. களி வாரம் இரண்டு நாள், ஒரு சிறிய உருண்டை. முட்டையின் வெள்ளைக்கரு திரும்பி வந்துவிட்டது.

மூன்று நாள் சாப்பிட்டதை எல்லாம் எழுதி வரச் சொன்னார். அப்பா பாவு கணக்கு எழுதும் நோட்டிலேயே எழுதினார். முதல் நாள் முழுக்க ஒழுங்கு. இரண்டாம் நாள், "கல்யாண வீடு. பாயசம் 1. (மறுபடி அரை.)" மூன்றாம் நாள் நேரம் போட்டு, "11.20. தட்டுவடை செட். யாரிடமும் சொல்லவில்லை."

---

வார்டு மணி | வியாழன், இரவு 8.41

அந்த நோட்டைச் சட்டம் போட்டு மாட்டுங்கள்!

---

ஓமலூர் மாணவி | வியாழன், இரவு 9.02

தாத்தா மாம்பழம் கேட்கிறார் அக்கா. மல்கோவா வந்துவிட்டது.

---

தட்டும் தராசும் | வியாழன், இரவு 9.30

தாத்தாவைப் பார்த்த அந்த டயட்டீஷியன் பெண்ணிடமே கேட்கச் சொல், நோட்டு அவரிடம் இருக்கிறது. நானாக இருந்தால் அடுத்த இரத்தப் பரிசோதனை வரை பொறுக்கச் சொல்வேன். அதுவும் சரியாக இருந்தால் ஒரு கீற்று. அன்றைக்குச் சோற்றில் ஒரு கரண்டி குறைய வேண்டும். வீட்டுக் கரண்டி எவ்வளவு பிடிக்கிறது என்று நீயே அளந்து பார்த்து எனக்குச் சொல்.